மாட்டுத்தாவணியில் பஸ் தாமதமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கே.புதூரில் குடியிருக்கிறேன். அங்கிருந்து மாட்டுத்தாவணி பஸ் நிலையம் ஆட்டோவில் பத்து நிமிடம். அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் சொந்தபந்தத்தில் யாருடைய பஸ் தாமதமானாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. "மாமா, வண்டி மூன்று மணி நேரம் லேட்டாம். என்ன செய்வது?" இருபது ஆண்டுகளாக ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒரு முறை சென்னைக்குப் போகிறவன் என்பதால் நானே பலமுறை அங்கே சிக்கியும் இருக்கிறேன். கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

பஸ் உண்மையில் எவ்வளவு நேரம் தாமதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"எப்போது வரும்?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு: "இதோ, அரை மணி நேரத்தில்." டிராவல்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அதற்கு மேல் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டான். "வண்டி இப்போது எந்த ஊரில் இருக்கிறது?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயரை வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. முடிந்தால் ஓட்டுநரின் எண்ணை வாங்கி அவரிடமே கேளுங்கள்.

ஊர் தெரிந்தால் கணக்கு சுலபம். வடக்கே சென்னையிலிருந்து வரும் வண்டி என்றால் திருச்சியைத் தாண்டியதும் மதுரைக்குச் சுமார் 135 கிலோமீட்டர், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். துவரங்குறிச்சி என்றால் ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதல். மேலூர் என்றால் முக்கால் மணி நேரத்தில் கண்முன் நிற்கும். தெற்கேயிருந்து, அதாவது நாகர்கோவில், திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் உங்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி என்றால் கோவில்பட்டிக்கு இரண்டு மணி நேரம், விருதுநகருக்கு ஒன்றேகால் மணி நேரம், திருமங்கலத்துக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரிங் ரோடு வழியாகச் சுற்றி வருவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு நுணுக்கம். மதுரையிலிருந்தே புறப்படும் வண்டி என்றாலும் அது காலையிலோ மாலையிலோ வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த வண்டியாகத்தான் இருக்கும். வந்த வண்டி தாமதமானால் போகிற வண்டியும் தாமதம். கழுவ, டீசல் போட, ஓட்டுநர் சாப்பிட என்று வந்து சேர்ந்த பிறகும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் சொல்லும் நேரத்தில் எவ்வளவை நம்பி ஊருக்குள் போகலாம்?

பாதி. மூன்று மணி நேரத் தாமதம் என்றால் ஒன்றரை மணி நேரம் உங்களுடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் போகவர ஆகும் நேரத்தைக் கழியுங்கள். மீதி இருப்பது ஒரே ஒரு இடத்துக்குத்தான் போதும். மதுரையை "முடித்துவிட்டு" வரலாம் என்று கிளம்பியவர்கள் ஆட்டோவிலேயே மதுரையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

முதலில், நான் நிற்பது சரியான பஸ் நிலையமா?

கேட்டது நல்லதாகப் போயிற்று. தாமதம் என்று புலம்பியவர்களில் சிலர் தவறான இடத்தில் நின்றிருக்கிறார்கள். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் போகிற வெளியூர் பஸ்களுக்கு மாட்டுத்தாவணி. கோயம்புத்தூர், திண்டுக்கல், தேனி, ஈரோடு, சேலம் பக்கம் என்றால் ஆரப்பாளையம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியார் நிலையம் நகரப் பேருந்துகளுக்கானது. ஆம்னி பஸ்களுக்கு மாட்டுத்தாவணியை ஒட்டித் தனி நிலையம் இருக்கிறது. அரசு பஸ் நிலையத்துக்குள் நின்றுகொண்டு ஆம்னி பஸ்ஸைத் தேடினால் விடியும் வரை கிடைக்காது.

டிக்கெட்டில் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்று அச்சிட்டிருந்தாலும் அது மாட்டுத்தாவணிதான். மாட்டுச் சந்தை கூடிய இடம் என்பதால் வந்த பெயர் இது. அரசாணையில் பெயர் மாறியது, ஆட்டோக்காரர் வாயில் மாறவில்லை.

பெட்டி படுக்கையை என்ன செய்வது?

ஆம்னி பஸ் என்றால் அந்த டிராவல்ஸ் அலுவலகத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். தாமதம் அவர்களுடையது, பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அரசு பஸ் என்றால் நிலையத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொருள் வைக்கும் இடத்தை விசாரியுங்கள். ரயில் நிலையத்தில் வைத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள், அங்கே ரயில் டிக்கெட் கேட்பார்கள். எங்கே வைத்தாலும் நகை, மருந்து, சார்ஜர், அடையாள அட்டை நான்கும் உங்கள் தோளில் இருக்கட்டும்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எங்காவது போகலாமா?

போகாதீர்கள். டீ குடியுங்கள். நிலையத்தைச் சுற்றி நடந்தாலே பூ மார்க்கெட், காய்கறிச் சந்தை, நெல் வணிக வளாகம் என்று ஒரு தனி ஊர் இருக்கிறது. காய்கறிச் சந்தையில் வாழைத்தார் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு அலுப்பு வந்ததே இல்லை.

இரண்டு மூன்று மணி நேரம், பகல் வேளை. ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

தமுக்கத்தில் இருக்கும் காந்தி அருங்காட்சியகம். மாட்டுத்தாவணியிலிருந்து நகருக்குள் போகும் வழியிலேயே இருக்கிறது, கோரிப்பாளையம் நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். அனுமதி இலவசம். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம். 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்து வைத்தார். சுடப்பட்ட நாளில் காந்தி அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. அந்த அறையில் வெளிச்சம் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால்கூட அங்கே வந்ததும் சத்தம் அடங்கிவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மதியம் 1 மணி முதல் 2 மணி வரை உணவு இடைவேளை. இந்த இரண்டையும் மறந்துவிட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

காந்தி மேல்சட்டையைக் களைந்து அரையாடைக்கு மாறியதும் மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் ஒரு வீட்டில். இப்போது அந்தக் கட்டடத்தில் கதர் கடை இருக்கிறது. கோயில் பக்கம் போனால் எட்டிப் பார்க்கலாம்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வந்துவிடலாமா?

எல்லோரும் கேட்பது இதுதான், எல்லோரும் தவறு செய்வதும் இதில்தான்.

மாட்டுத்தாவணியிலிருந்து கோயில் சுமார் ஆறு கிலோமீட்டர். காகிதத்தில் அது பதினைந்து நிமிடம். நடைமுறையில் டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம். சிம்மக்கல்லில் இறங்கி வடக்குக் கோபுரத்துக்கு நடந்துவிடுவது பெரியார் நிலையம் வரை போய்த் திரும்புவதைவிட மேல். நடை நண்பகல் 12.30 மணிக்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். மதியம் ஒரு மணிக்குத் தாமதச் செய்தி வந்தால் கோயிலை மறந்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் கைபேசி. 2018 பிப்ரவரி 2 இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோகத் தடை வந்தது. வாசலில் கட்டணம் கட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாமதமான பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கயிறுதான் இருக்கிறது, அது கையில் இருக்கும் போன். அதை வாசலில் அவிழ்த்துவிட்டு உள்ளே போகிறீர்கள்.

என் கதையையே சொல்கிறேன். சென்னை வண்டி நான்கு மணி நேரம் தாமதம் என்றார்கள். நிம்மதியாக உள்ளே போய்ப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து போனை வாங்கிப் பார்த்தால் பதினோரு தவறிய அழைப்புகள். பழுதான வண்டிக்குப் பதில் வேறொரு வண்டியை ஏற்பாடு செய்துவிட்டார்கள். அது நான் குளத்தில் மீனைத் தேடிக்கொண்டிருந்தபோது போய்விட்டது. (அந்தக் குளத்தில் மீனே கிடையாது என்பது ஐதீகம். அன்று எனக்கு அதுவும் நினைவில்லை.) அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, பிழையில் பாதி என்னுடையது.

ஆகவே: நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம் உறுதி, கூட வந்தவர் ஒருவர் போனோடு வெளியே நிற்கிறார், நடை திறந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் போங்கள். வெளியே நிற்பவருக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மாலை வேளையில் மாட்டிக்கொண்டவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் நடக்கும் பள்ளியறை பூஜையைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். சுந்தரேசுவரரின் பாதுகைகளைப் பல்லக்கில் மீனாட்சி சன்னதிக்கு எடுத்துவருவார்கள். கூட்டம் இருக்கும், ஆனால் பகல் கூட்டத்தின் தள்ளுமுள்ளு இருக்காது.

கோயிலுக்குள் போகாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கம் சுற்ற முடியாதா?

முடியும். என்னைக் கேட்டால் அவசரக்காரர்களுக்கு அதுதான் சரியான மதுரை. கோயிலைச் சுற்றி வீதிகள் சதுரம் சதுரமாக அடுக்கியிருக்கின்றன. மதிலுக்குள் ஆடி வீதிகள், வெளியே சித்திரை வீதிகள், அதற்கடுத்து ஆவணி மூல வீதிகள், பிறகு மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். மாதப் பெயர் தெரிந்தால் கோயிலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். வழி தவறவே முடியாத ஊர். தவறினாலும் கோபுரத்தைப் பார்த்து நடக்கலாம். தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம், சுமார் 170 அடி.

வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அவற்றை இடித்து ஊரை விரித்தார். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்னும் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய விளக்குத்தூண், கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேரும் பக்கம் நிற்கிறது. அந்த வட்டாரத்துக்கே அதுதான் பெயர்.

விளக்குத்தூணிலிருந்து கூப்பிடு தூரத்தில் பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் அரண்மனையில் இடிபடாமல் எஞ்சிய பத்துக் கல்தூண்கள் துணிக்கடைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மேலே கூரையில்லை. கீழே சட்டைத் துணி மூட்டைகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதே அரண்மனையில் எஞ்சிய இன்னொரு பகுதியான மகாலைவிட எனக்கு இந்தத் தூண்களைத்தான் பிடிக்கும். மகால் பராமரித்து வைத்த அழகு. இவை தம்பாட்டுக்கு நிற்கின்றன.

மகாலும் பார்க்க வேண்டும் என்றால் அங்கிருந்து நடந்தே போகலாம். 1636ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காலை 9 முதல் மாலை 5 வரை. முக்கால் மணி நேரம் போதும்.

மதியம் 1 மணி, கத்திரி வெயில், கையில் குழந்தை. எங்கே போவது?

புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறந்தது. தரைத்தளத்துக்கு மேல் ஆறு மாடிகள், குளிர்ச்சி, சுத்தமான கழிப்பறை, உட்கார நாற்காலி, சிறுவர்களுக்குத் தனிப் பகுதி. பணம் கிடையாது. மதிய வெயிலில் மாட்டிக்கொண்டவருக்கு இதைவிட நல்ல இடம் மதுரையில் இல்லை. போனும் கையிலேயே இருக்கும், சத்தத்தை மட்டும் நிறுத்தி அதிர்வில் வைத்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகள் கைக்குழந்தையும் நான்கு வயதுப் பையனுமாக மூன்று மணி நேரம் இங்கே கழித்தாள். பையன் கிளம்ப மறுத்துவிட்டான் என்பதுதான் ஒரே சிக்கல்.

வெளியே போக முடியாவிட்டால், பஸ் நிலையத்திலேயே தாய்மார்கள் பாலூட்டும் அறை எங்கே என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் 2015 முதல் இந்த அறைகளைத் திறந்தார்கள்.

எங்கே, என்ன சாப்பிடுவது?

பஸ் ஏறப் போகிறவரின் வயிறு வேறு, ஊர் சுற்ற வந்தவரின் வயிறு வேறு. இரவு முழுக்க உட்கார்ந்து போக வேண்டியவர் கறிதோசையைத் தொடாமல் இருப்பது நல்லது. கீழே தோசை, நடுவே முட்டை, மேலே வதக்கிய ஆட்டுக்கறி என்று மூன்று அடுக்கு. சிம்மக்கல் பக்கம் பெயர்போனது. ருசியில் குறை சொல்ல முடியாது, ஆனால் விராலிமலை தாண்டுவதற்குள் நினைவுபடுத்திக்கொண்டே வரும். நான்கு மணி நேரத்துக்கு மேல் நேரம் இருந்தால் சாப்பிட்டுவிட்டு நடந்துவிடுங்கள்.

பயணத்துக்கு ஏற்றது இட்லி. மதுரை இட்லி என்றால் பூப்போல, அதற்கு நான்கு வகைச் சட்னி. இரவில் தள்ளுவண்டிக் கடைகளிலும் சுடச்சுடக் கிடைக்கும். மாலையில் பருத்திப்பால் வண்டியைப் பார்த்தால் விடாதீர்கள். பருத்தி விதையை அரைத்துப் பால் எடுத்துக் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது. வயிற்றுக்கு இதம். முள்ளுமுருங்கை இலை அரைத்துச் சேர்த்த பச்சை வடை சில மாலைநேரக் கடைகளில் மட்டும் கிடைக்கும். அதன்மேல் தூவும் காரப் பொடிக்காகவே வாங்கலாம்.

பரோட்டா பற்றிக் கேட்காதீர்கள். அதில் எனக்கும் என் மைத்துனருக்கும் பதினைந்து ஆண்டு வழக்கு நடக்கிறது.

ஜிகர்தண்டா கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் குடிக்காமல் ஊர் போனால் வீட்டில் கேட்பார்கள். சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கம்தான் இதற்குப் பேர்போன இடம். மாட்டுத்தாவணியைச் சுற்றியும் கடைகள் உண்டு, அதற்காக ஆறு கிலோமீட்டர் போக வேண்டாம். பெயரில் தண்டா என்று குளிர்ச்சி இருந்தாலும் பால் கனம். இரண்டாவது குவளை வேண்டாம்.

கூட்டம் இல்லாத, அதிகம் பேர் போகாத இடம் ஏதாவது?

யானைமலை. மாட்டுத்தாவணியில் நின்று மேலூர் சாலைப் பக்கம் பார்த்தாலே ஒரு யானை படுத்திருப்பதுபோல் நீண்டு கிடக்கும். நகரத்துக்குள் போகும் வழிக்கு நேர் எதிர்த்திசை, அதனால் நெரிசல் குறைவு. ஒத்தக்கடை வரை பஸ், அங்கிருந்து நரசிங்கம் ஊருக்கு ஆட்டோ. மலையடிவாரத்தில் பாறையைக் குடைந்து எடுத்த யோக நரசிம்மர் கோயில் இருக்கிறது. கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே உண்டு. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி பணியைத் தொடங்கினார், முடிவதற்குள் இறந்தார், தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார் என்பது அதன் செய்தி. அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்த கதை 1250 ஆண்டுகளாகப் பாறையில் இருக்கிறது. மீனாட்சி கோயிலின் இன்றைய கோபுரங்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய மதுரை இது.

பக்கத்திலேயே லாடன் கோயில் என்ற சிறிய குடைவரை. மலைமேல் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன, ஆனால் ஏறி இறங்கும் நேரமும் வெயிலும் பஸ் பயணிக்குச் சரிவராது. 2010இல் இந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள், யோசனை நின்றது. அதனால்தான் இன்றும் யானை முழு உடம்போடு படுத்திருக்கிறது.

நரசிம்மர் கோயிலையும் மதியம் சாத்திவிடுவார்கள். காலையிலோ மாலையிலோ போங்கள்.

கீழடிக்குப் போய் வரலாமா?

அரைநாள் கிடைத்தால். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் போய்த் திரும்ப வேண்டும். தாமதத்தை நம்பிக் கீழடி போகிறவர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் போவது மேல்.

மாலை 5 மணிக்கு மேல்?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. சுமார் 1000 அடிக்கு 950 அடி. மகால் கட்டத் தேவையான மண்ணை இங்கிருந்து எடுத்தார்கள் என்றும், தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சி கோயிலுக்குள் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது குளத்துக்குள் கிரிக்கெட் ஆடினோம், தண்ணீரே இருக்காது. இப்போது வைகைத் தண்ணீர் வந்து நிற்கிறது, நடுவே மைய மண்டபம் மிதப்பதுபோல் இருக்கிறது. சுற்றுச்சுவரில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். சுண்டல், பஜ்ஜி, மாங்காய்த் துண்டு என்று சாலை முழுக்கக் கடைகள். போன் கையில், ஆட்டோ எதிரில், மாட்டுத்தாவணிக்குத் திரும்ப நகரத்துக்குள் நுழையத் தேவையில்லை. தாமதப் பயணிக்கென்றே நாயக்கர் வெட்டியதோ என்று தோன்றும்.

இரவு 11 மணி. பஸ் அதிகாலை 2 மணிக்குத்தான் என்கிறார்கள்.

பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் தனித்தனிப் பெயர் சொல்லி அழைத்த ஊர் இது. தூங்கா நகரம் என்ற பட்டம் சும்மா வரவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் மாட்டுத்தாவணியை விட்டு வெளியே போகச் சொல்ல மாட்டேன். நிலையத்திலேயே இட்லி, ஆப்பம், சுக்குமல்லிக் காபி எல்லாம் கிடைக்கும். டவுன் பஸ் குறைந்துவிடும், ஆட்டோ கட்டணம் ஏறிவிடும். பயணிகள் காத்திருக்கும் இடத்தில் விளக்குக்குக் கீழே, மின்விசிறிக்கு நேரே ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். கொசுவர்த்தி கொண்டுவந்த பெரியவர் ஒருவரை ஒருமுறை பார்த்தேன், அவரைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

தனியாக வந்திருக்கிறேன், பெண். இரவில் அங்கே காத்திருப்பது சரியா?

அரசு பஸ் நிலையத்துக்குள், ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில், குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருங்கள். ஆம்னி நிலையத்தின் ஓரங்களைவிட அது நல்லது. வண்டி வந்ததும் அழைக்கச் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்காரலாம், இரண்டும் பக்கம் பக்கம்தான். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. பகலில் ஊருக்குள் போவதானால், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதிகாலை 5 மணிக்குச் சிக்கிக்கொண்டால்?

கொடுத்துவைத்தவர் நீங்கள். பூ மார்க்கெட்டுக்கு நடந்து போங்கள். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள், மாலையில்தான் அது விரியும். அதனால் விற்பனை எல்லாம் காலையில். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. முகூர்த்த நாளில் அதன் விலை காலை ஒன்று, அரை மணி கழித்து ஒன்று. வாங்காவிட்டாலும் யாரும் விரட்ட மாட்டார்கள், மூட்டை தூக்கி வருபவருக்கு மட்டும் வழி விடுங்கள். கால் கிலோ வாங்கிக்கொண்டு ஏறினால் பஸ் முழுக்க உங்களை மன்னித்துவிடும்.

படம் பார்க்கலாமா?

வேண்டாம். இரண்டே முக்கால் மணி நேரம் இருட்டில், போனை அணைத்துவிட்டு. இடைவேளையிலேயே எழுந்து ஓடியவனின் அனுபவம் இது. முடிவு என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதுரையில் எங்கள் பெரியம்மா வீடு இருக்கிறது. அங்கே போய் இருந்துவிட்டு வரலாமே?

பெரியம்மா முதலில் காபி கொடுப்பார். பிறகு "இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ" என்பார். பெரியப்பா கடையிலிருந்து வரும் வரை இருக்கச் சொல்வார். உலை கொதிக்கும்போது டிராவல்ஸ்காரர் அழைப்பார். சாப்பிடாமல் கிளம்பினால் அடுத்த கல்யாணம் வரை பேச்சு. உறவும் வேண்டும், பஸ்ஸும் வேண்டும் என்றால் அவர்களை மாட்டுத்தாவணிக்கு வரச் சொல்லுங்கள். தூக்குவாளியோடு வருவார்கள்.

சித்திரைத் திருவிழா நேரத்தில் பஸ் தாமதமானால்?

நிலையத்தை விட்டு நகராதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளம், கோரிப்பாளையம், வைகைப் பாலங்கள் எல்லாம் ஆள் தலைதான். 1886இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலம் எத்தனை அழகரைப் பார்த்திருக்கும் என்று வியந்துகொண்டே அங்கேயே நின்றுவிடுவீர்கள். உங்கள் பஸ் தாமதமானதற்கும் பெரும்பாலும் அழகர்தான் காரணமாக இருப்பார்.

காத்திருக்கவே பிடிக்கவில்லை. வேறு வழியில் போக முடியாதா?

சென்னைப் பக்கம் என்றால் முடியும். மாட்டுத்தாவணியிலிருந்து திருச்சிக்கு இரவு பகலாக பஸ் உண்டு. திருச்சி பஞ்சப்பூர் பஸ் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து சென்னைக்கு மாறிவிடலாம். இரண்டு முறை டிக்கெட், ஒரு முறை தூக்கக் கேடு. ஏற்கெனவே போட்ட டிக்கெட்டின் பணம் திரும்ப வருமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே, எழுத்தில், குறுஞ்செய்தியிலாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்கு மறுநாள் காலையில் மதிப்பில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவர்கள் தவிர வேறு யாருக்கும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

பஸ் வந்துவிட்டது என்று அழைக்கிறார்கள். ஜிகர்தண்டா இன்னும் பாதிக் குவளை இருக்கிறது.

குடித்துவிட்டு நடங்கள். ஓட்டுநர் இப்போதுதான் டீக்கடைப் பக்கம் போயிருப்பார்.